மாத்திரையா, பேச்சா: மனச்சோர்வு நோய்ச் சிகிச்சையில் தேர்வு

மனச்சோர்வு நோய்க்கு மாத்திரை கொடுப்பது நல்லதா, பேச்சின் வழியே அளிக்கப்படும் உளச்சிகிச்சை நல்லதா என்னும் கேள்வியை மருத்துவ ஆய்வுலகம் அரை நூற்றாண்டாகக் கேட்டு வருகிறது. இதே கேள்வி நோயாளியின் வீட்டில் எழும்போது, மாத்திரையைத் தொடங்கிவிட்டால் பிறகு விடவே முடியாதோ என்ற அச்சமாகவும், உட்கார்ந்து பேசுவதால் மட்டும் நோய் எப்படித் தீரும் என்ற ஐயமாகவும் உருக்கொள்கிறது. இரு சிகிச்சைகளைப் பற்றியும் இதுவரை நிறுவப்பட்டுள்ளவை எவை, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் யார், அத்தேர்வு அவருக்கு உண்மையிலேயே வாய்த்திருக்கிறதா என்பவற்றை ஆராய்வது இவ்வுரையின் நோக்கம்.

எவருக்கும் வரும் வருத்தம் வேறு, மருத்துவம் மனச்சோர்வு நோய் என்று கூறுவது வேறு. மனம் தாழ்ந்து கிடத்தல், முன்பு மகிழ்ச்சி தந்தவற்றில் நாட்டம் அற்றுப்போதல் ஆகிய இரண்டில் ஒன்றேனும் நாளின் பெரும்பகுதியில், இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நீடிக்க, அதனோடு உறக்கக்கேடு, பசியில் மாற்றம், களைப்பு, கவனம் சிதறுதல், தன்மீதே பழி சுமத்திக்கொள்ளுதல், உயிரை விட்டுவிடும் எண்ணம் போன்றவற்றுள் சிலவும் சேர்ந்து, வேலையையும் உறவையும் குலைக்கும் நிலையே நோய் எனப்படுகிறது. இந்நோய் கண்ட பலர் மருத்துவரிடம் மனத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. உடம்பு முடியவில்லை, தலை பாரமாக இருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் இல்லை என்றுதான் கூறுகின்றனர். நோயின் கடுமையை அளக்க ஒன்பது கேள்விகள் கொண்ட வினாப்பட்டியல் ஒன்று 2001ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் பயன்பட்டு வருகிறது. அதில் 27க்கு 5 பெற்றால் இலேசான நிலை, 10 பெற்றால் நடுத்தரம், 15ஐத் தொட்டால் சற்றுக் கடுமை, 20ஐத் தொட்டால் கடுமை எனக் கொள்வது வழக்கம். மாத்திரையா, பேச்சா என்ற கேள்விக்குரிய விடை இந்தக் கடுமையைப் பொறுத்தே பெரிதும் மாறுகிறது.

இரு சிகிச்சைகளின் பிறப்பும் காலத்தால் நெருங்கியது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த சீ வியூ மருத்துவமனையில் 1952இல் காசநோய்க்காக இப்ரோனியாசிட் என்னும் மருந்தைப் பெற்றவர்களிடம் எதிர்பாராத உற்சாகம் காணப்பட்டது. சுவிட்சர்லாந்தின் மியூன்ஸ்டர்லிங்கன் மனநல மருத்துவமனையில் ரோலன்ட் குன் என்பார் வேறு மனநோய்க்கெனச் சோதித்த இமிப்ரமின், அந்நோய்க்குப் பயன்படாமல் மனச்சோர்வுக்குப் பயன்படுவதை 1957இல் வெளியிட்டார். 1987இன் இறுதியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஃபுளூவாக்சடின், பக்கவிளைவுகள் குறைந்ததாகவும் அளவு மீறினாலும் உயிருக்கு உலைவைக்கும் ஆபத்து குறைந்ததாகவும் இருந்தமையால், இம்மருந்துகள் மனநல மருத்துவரின் அறையிலிருந்து பொது மருத்துவரின் சீட்டுக்கும் பரவின. மறுபுறம், உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்ற ஆரன் பெக், மனச்சோர்வு என்பது உள்நோக்கித் திரும்பிய சினம் என்னும் ஃபிராய்டிய கொள்கையை நிறுவுவதற்காகவே பிலடெல்பியாவில் நோயாளிகளின் கனவுகளை ஆராயப் புகுந்து, அங்கே சினத்தைக் காணாமல் இழப்பையும் தோல்வியையும் பற்றிய எண்ணங்களையே கண்டார். தன்னைப் பற்றியும் உலகைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் நோயாளி தானாகவே கொள்ளும் இருண்ட முடிவுகளை அவரோடு சேர்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கும் முறையை அவர் 1960களில் உருவாக்கினார். அறிதல்சார் சிகிச்சை எனப்படும் அம்முறையே, நடத்தைப் பயிற்சிகளும் சேர்ந்து, இன்று அறிதல்சார் நடத்தைச் சிகிச்சை என வழங்குகிறது.

உளச்சிகிச்சையைப் புத்திமதி கூறுதலோடு குழப்பிக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருப்பதால், இங்கு ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. 'மனசைத் தளர விடாதே', 'கோயிலுக்குப் போய் வா' என்று சொல்வோரின் அன்பு உண்மையானது. எனினும் சோர்வின் இயல்பே முயற்சியைச் செயலிழக்கச் செய்வதாக இருக்கையில், முயற்சி செய் என்ற சொல் நோயாளியின் குற்றவுணர்வைக் கூட்டுவதற்கே பெரும்பாலும் உதவுகிறது. முறைப்படியான உளச்சிகிச்சையில் வாரந்தோறும் குறித்த நேரத்தில் சந்திப்பு உண்டு. அடுத்த சந்திப்புக்குள் செய்து பார்க்க வேண்டிய வீட்டுப் பயிற்சி உண்டு. எத்தனை அமர்வுகள் என்ற வரையறையும், பயன் கிடைக்கிறதா என்ற அளவீடும் உண்டு. இவற்றுள் ஒன்றும் இல்லாத உரையாடலைச் சிகிச்சை என்று கூறி, அது பயனளிக்கவில்லை என்று கைவிடுவது இச்சிகிச்சைக்கு இழைக்கும் அநீதி.

இரண்டையும் நேருக்குநேர் ஒப்பிட்ட பேராய்வுகளுள் முதன்மையானது, அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் மூன்று நகரங்களில் நடத்தி 1989இல் வெளியிட்ட கூட்டாய்வு. 250 நோயாளிகள் குலுக்கல் முறையில் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் அறிதல்சார் நடத்தைச் சிகிச்சையும், இன்னொரு பிரிவினர் இழப்பு, பூசல், வாழ்நிலை மாற்றம் போன்ற உறவுச் சிக்கல்களை ஆராயும் உறவுசார் சிகிச்சையும், மூன்றாம் பிரிவினர் இமிப்ரமினும், நான்காம் பிரிவினர் மருந்துப்போலியும், அதாவது மருந்தின் தோற்றம் மட்டும் உடைய வெற்று மாத்திரையும், 16 வாரங்களுக்குப் பெற்றனர். கடைசி இரு பிரிவினருக்கும் மருத்துவரின் தொடர்ந்த கவனிப்பும் ஆறுதலும் சேர்த்தே வழங்கப்பட்டன. இலேசான நோயுடையோரிடையே நான்கு பிரிவுகளுக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. கடும் நோயுடையோரிடையே இமிப்ரமின் தெளிவாக முன்னின்றது. இம்முடிவு பல்லாண்டுகளாக மருந்தே மேல் என்னும் தரப்பின் சான்றாக எடுத்தாளப்பட்டது. ஆனால் அதே நோயாளிகளை ஒன்றரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, எப்பிரிவிலும் பெரும்பான்மையோர் குணம்பெற்று அக்குணத்தில் நிலைத்திருக்கவில்லை என்பது தெரியவந்தது. பதினாறு வாரச் சிகிச்சை பலருக்குப் போதவில்லை என்பதே அவ்வாய்வின் ஆழமான செய்தி.

தேர்வைப் பற்றிச் சிந்திக்கும் எவரும் தவறவிடக் கூடாத ஆய்வு 2005இல் வெளிவந்தது. பென்சில்வேனியா, வாண்டர்பில்ட் ஆகிய இரு பல்கலைக்கழகங்களில் நடுத்தரம் முதல் கடுமை வரையிலான நோயுடைய 240 பேர் அறிதல்சார் சிகிச்சையையோ, பேராக்சடின் மாத்திரையையோ, மருந்துப்போலியையோ பெற்றனர். 16 வாரங்களின் முடிவில், சிகிச்சை பெற்றவர்களிலும் மாத்திரை பெற்றவர்களிலும் 58 சதவீதத்தினர் முன்னேற்றம் கண்டிருந்தனர், இரண்டும் சமம். ஆயினும் பல்கலைக்கழக வாரியாகப் பிரித்துப் பார்த்தால், வாண்டர்பில்டில் மாத்திரை முந்தியிருந்தது, பென்சில்வேனியாவில் அவ்வாறு இல்லை. சிகிச்சை அளித்தோரின் அனுபவத்தில் இருந்த வேறுபாடே இதற்குக் காரணமாயிருக்கலாம் என ஆய்வாளர் கருதினர். மாத்திரையின் வீரியம் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. பேச்சின் வீரியமோ பேசுபவரின் தேர்ச்சியைப் பொறுத்தது என்பதை உளச்சிகிச்சையின் ஆதரவாளர்கள் மறக்கலாகாது.

இனிதான் அவ்வாய்வின் மிக முக்கியமான பகுதி வருகிறது. முன்னேற்றம் கண்ட 104 பேர் மேலும் ஓராண்டு கவனிக்கப்பட்டனர். மாத்திரையால் தேறியவர்களில் ஒரு பகுதியினருக்கு மாத்திரை தொடரப்பட்டது. மறுபகுதியினருக்கு அது விலக்கப்பட்டு மருந்துப்போலி தரப்பட்டது. உளச்சிகிச்சையால் தேறியவர்களுக்குச் சிகிச்சை நிறுத்தப்பட்டு, ஆண்டு முழுவதற்கும் மூன்றுக்கு மேற்படாத நினைவூட்டு அமர்வுகள் மட்டும் அனுமதிக்கப்பட்டன. மாத்திரை விலக்கப்பட்டவர்களில் 76 சதவீதத்தினருக்கும், மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதத்தினருக்கும், உளச்சிகிச்சையை முடித்துக்கொண்டவர்களில் 31 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியது. எண்ணிக்கை சிறிது என்பதால் இவ்விழுக்காடுகளை நுணுக்கமாகப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. எனினும் பின்வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் இதே திசையையே காட்டுகின்றன. மாத்திரை உட்கொள்ளும்வரை காக்கிறது. நன்கு கற்றுக்கொண்ட உளச்சிகிச்சை, முடிந்த பின்பும் ஓரளவு காக்கிறது. எது விரைவில் எழுப்பும் என்று மட்டுமே கேட்கும் நோயாளியிடம், எழுந்த பின் எது நிறுத்தி வைக்கும் என்ற இரண்டாவது கேள்வியையும் முன்வைப்பது மருத்துவரின் கடமை.

மாத்திரைகளின் ஆற்றல் குறித்து இரு முனைகளிலும் மிகைப்படுத்தல் நிகழ்ந்துள்ளது. 2008இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான 74 சோதனைகளை, அச்சேறிய கட்டுரைகளோடு ஒப்பிட்டது. அவ்வமைப்பின் மதிப்பீட்டில் ஏறத்தாழப் பாதிச் சோதனைகளே மருந்துக்குச் சாதகம். அச்சேறியவற்றை மட்டும் படித்தவருக்கோ 94 சதவீதம் சாதகமாகத் தோன்றும், ஏனெனில் பாதகமானவை பெரும்பாலும் வெளியிடப்படவில்லை அல்லது சாதகமாக மாற்றி எழுதப்பட்டிருந்தன. மருந்து நிறுவனங்களுக்கு மட்டுமே உரிய குறையாக இதைக் கருதவும் இயலாது: அமெரிக்க அரசின் நிதியில் நடந்த 55 உளச்சிகிச்சைச் சோதனைகளில் 13 வெளியிடப்படாமலே போயின என்று 2015இல் தெரியவந்தது. இருப்பினும் மருந்துகள் வெறும் நம்பிக்கையால் மட்டுமே பயன்தருகின்றன என்ற முடிவுக்கும் இடமில்லை. 2018இல் 522 சோதனைகளையும் 1,16,477 நோயாளிகளையும் ஒருங்கே தொகுத்த ஆய்வு, வெளியிடப்படாத முடிவுகளையும் தேடிச் சேர்த்த பின்னும், 21 மருந்துகளும் மருந்துப்போலியைவிட மேலானவை என்றே கண்டது. அந்த மேன்மை சராசரியில் பெரிதன்று. நோய் கடுமையாக ஆக ஆக அது பெருகுகிறது என்று 2010இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. மூளையில் செரோடோனின் என்னும் வேதிப்பொருள் குறைவதே நோய்க்குக் காரணம் என்று நோயாளிகளிடம் நெடுங்காலம் கூறப்பட்டு வந்த எளிய விளக்கத்துக்கு இன்று உறுதியான ஆதாரம் இல்லை. ஒரு மருந்து எப்படி வேலை செய்கிறது என்பது தெளிவுபடாமலே அது வேலை செய்கிறது என்பது நிறுவப்படுவது மருத்துவ வரலாற்றில் புதிதன்று.

தமிழ்க் குடும்பங்களில் மனநல மாத்திரைகள் அனைத்தும் தூக்க மாத்திரை என்ற ஒரே பெயரால் சுட்டப்படுவதால் விளையும் தீங்கு சிறிதன்று. அல்பிரசோலாம், டயஸிபாம் போன்ற பதற்றத் தணிப்பு மருந்துகள் உடனே அமைதி தருபவை, நாள்பட உட்கொண்டால் அடிமைப்படுத்தக் கூடியவை. ஃபுளூவாக்சடின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் போன்ற சோர்வு நீக்க மருந்துகள் வேறு இனத்தவை. இவை பயன்தர இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். குமட்டல், தலைவலி, உறக்க மாற்றம் முதலியன தொடக்க நாட்களிலேயே தோன்றும். எனவே தீமை முன்னும் நன்மை பின்னும் வருவதைக் காணும் நோயாளி இரண்டாவது வாரத்திலேயே மருந்தை நிறுத்திவிடுவது எங்கும் காணப்படும் இழப்பு. பாலுணர்வுக் குறைவு என்னும் பக்கவிளைவைப் பெரும்பாலான நோயாளிகள் கூசிக் கூறாமல் விடுகின்றனர். மருத்துவர்தான் கேட்டறிய வேண்டும். இம்மருந்துகள் போதைக்கான ஏக்கத்தை உண்டாக்குவதில்லை. ஆயினும் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், உடலில் மின்னதிர்வு பாய்வது போன்ற உணர்வு ஆகியன சிலருக்குத் தோன்றும். அளவைப் படிப்படியாகக் குறைத்தே விட வேண்டும். இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டோரிடம் தொடக்கக் காலத்தில் தற்கொலை எண்ணம் சற்றுக் கூடக்கூடும் என்ற எச்சரிக்கை அமெரிக்காவில் 2004இல் சிறுவர்க்கும் 2007இல் இளைஞர்க்கும் கட்டாயமாக்கப்பட்டது. இளையோருக்கு மருந்து தரலாகாது என்பது அதன் பொருளன்று, தொடக்க வாரங்களில் அடிக்கடி பார்க்க வேண்டும் என்பதே பொருள்.

வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டுமா என்ற அச்சத்துக்கு, பிரிட்டனில் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வு நேரடியாக விடையளிக்கிறது. நெடுநாளாக மாத்திரை உட்கொண்டு, நிறுத்தலாமா என்று எண்ணும் அளவுக்கு நலமாக இருந்த 478 பேரில், தொடர்ந்தவர்களில் 39 சதவீதத்தினருக்கும் படிப்படியாக நிறுத்தியவர்களில் 56 சதவீதத்தினருக்கும் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. நிறுத்துவதில் ஆபத்து உண்டு என்பதும், நிறுத்திய பத்துப் பேரில் நால்வருக்கு மேல் நலமாகவே இருந்தனர் என்பதும் ஒருங்கே உண்மை. முதன்முறை நோயுற்றவர், குணமடைந்த பின் குறைந்தது ஆறு மாதங்களேனும் மருந்தைத் தொடர்ந்துவிட்டு நிறுத்த முயலலாம். பலமுறை நோய் கண்டவர் இன்னும் நீண்ட காலத்தை எண்ண வேண்டியிருக்கும்.

சில நிலைகளில் இந்தத் தேர்வுக்கே இடமில்லை. மனம் அளவுமீறிப் பொங்கும் காலமும் சோர்ந்து விழும் காலமும் மாறிமாறி வரும் இருதுருவ நோயில் சோர்வு நீக்க மருந்தைத் தனியே கொடுத்தால் பொங்கும் நிலை தூண்டப்படலாம். ஆதலால் முன்பு அத்தகைய காலம் இருந்ததா என்று கேளாமல் சீட்டு எழுதுவது தவறு. தைராய்டு சுரப்புக் குறைவும் இரத்தசோகையும் சோர்வின் வேடத்தில் வரும். உணவையும் நீரையும் மறுத்துப் படுத்தவரிடமும், இல்லாத குரல்களைக் கேட்பவரிடமும், உயிரை விட முனைந்து நிற்பவரிடமும் வாராந்தரப் பேச்சு மட்டும் போதாது. மருந்தும், தேவைப்பட்டால் மயக்க மருந்தின்கீழ் அளிக்கப்படும் மின்னதிர்வுச் சிகிச்சையும் உயிர் காக்கின்றன.

மற்ற நிலைகளுக்கு, பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் 2022இல் எடுத்த முடிவு கவனிக்கத்தக்கது. இலேசான நோய்க்கு மாத்திரையை முதற்சிகிச்சையாக வழக்கமாகத் தரலாகாது என்றும், நோயாளியே அதை விரும்பினால் தரலாம் என்றும், கடுமையான நோய்க்கு இரண்டையும் சேர்த்தளிப்பதை முதலில் எண்ண வேண்டும் என்றும் அது கூறுகிறது. இரண்டும் சேர்ந்தால் தனித்தனியே தருவதைவிட நற்பயன் கூடும் என்பதை 2020இல் 101 ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீடும் உறுதிசெய்தது. நோயாளியின் விருப்பத்துக்கு அவ்வழிகாட்டுதல் தந்துள்ள இடமே அதன் சிறப்பு.

விருப்பம் என்று பேசுவதற்கு இரண்டும் கைக்கெட்ட வேண்டும். தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015–16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, இந்தியாவில் வயதுவந்தோரில் இருபதில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகிறார் என்றும், அந்நோயுடையோரில் ஏறத்தாழ 85 சதவீதத்தினர் எச்சிகிச்சையும் பெறவில்லை என்றும் கண்டது. ஓர் இலட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், பயிற்சி பெற்ற உளவியலாளர் இன்னும் அரியவர். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசமாகக் கிடைக்கலாம். வாரந்தோறும் ஒருமணி நேரம் உட்கார்ந்து பேச ஆள் கிடைப்பதில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தனக்கு அளிக்கப்படவுள்ள சிகிச்சையையும் அதன் பக்கவிளைவுகளையும் தனக்குப் புரியும் மொழியில் அறியும் உரிமையை நோயாளிக்குத் தந்துள்ளது. ஒன்றே ஒன்று மட்டும் இருக்குமிடத்தில் அவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடுகிறது.

இந்நிலை மாற்றக் கூடியதே என்பதற்கான சான்றும் இந்தியாவிலேயே உருவானது. கோவாவில் விக்ரம் பட்டேலும் சங்காத் நிறுவனத்தாரும் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது கேள்விப் பட்டியலில் 15ஓ அதற்கு மேலோ பெற்ற 495 பேர் சேர்க்கப்பட்டனர். மனநலத் துறையில் முன்பயிற்சி ஏதுமற்ற உள்ளூர்க்காரர்கள் சில வாரப் பயிற்சிக்குப் பின், ஆறு முதல் எட்டு அமர்வுகளில், ஒவ்வொன்றும் அரைமணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாக, செயலூக்கச் சிகிச்சையை அளித்தனர். சோர்வு செயலைக் குறைக்க, செயல் குறைவு சோர்வைக் கூட்டும் சுழலை நோயாளியோடு சேர்ந்து கண்டறிந்து, மனநிலை தேறுமட்டும் காத்திராமல் நாளின் குறித்த வேளையில் செய்யத்தக்க சிறு செயல்களைத் திட்டமிடுவதே அதன் சாரம். மூன்று மாதங்களில், மேம்படுத்தப்பட்ட வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதத்தினரும், அதனோடு இச்சிகிச்சையையும் பெற்றவர்களில் 64 சதவீதத்தினரும் நோய் நீங்கிய நிலையை அடைந்தனர். அப்பயன் ஓராண்டு கழித்தும் நிலைத்திருந்தது. அமர்வுகளைப் பதிவுசெய்து, ஆலோசகர்கள் கூடியிருந்து கேட்டு, ஒருவருக்கொருவர் மதிப்பெண் இட்டுத் திருத்திக்கொண்ட ஏற்பாடு இவ்வெற்றியில் பெரும்பங்கு கொண்டது. பேசுபவரின் தேர்ச்சி குறித்து மேலே கூறப்பட்ட கவலைக்கு அதுவே விடை.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மகளிர் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசெல்கின்றனர். கதவைத் தட்டும் ஆள் இருக்கிறார். அவரை ஊர் அறியும். எனினும் இருக்கும் பணிச்சுமையின் மேல் செயலூக்கச் சிகிச்சையையும் ஏற்றி, ஊதியமும் மேற்பார்வையும் இன்றி விட்டுவிடும் திட்டம் ஓராண்டில் பெயரளவுக்குச் சுருங்கிவிடும். ஆகவே ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் செயலூக்கச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற ஆலோசகர் இருவரை, தனி ஊதியத்தோடும் மாவட்ட மனநலக் குழுவின் வாராந்தர மேற்பார்வையோடும் அரசு அமர்த்த வேண்டும். அவ்வேற்பாடு வரும்வரை, மனச்சோர்வுக்கு மாத்திரைச் சீட்டைப் பெறும் ஒவ்வொருவரும், அல்லது அவரோடு செல்லும் உறவினர், இம்மருந்து எத்தனை நாளில் பயன்தரும், எப்போது எப்படி நிறுத்துவது, இதனோடு அல்லது இதற்கு மாற்றாக உளச்சிகிச்சை எங்கே கிடைக்கும் என்ற கேள்விகளை மருத்துவரிடம் கேட்டே எழுந்து வர வேண்டும். உயிரை விடும் எண்ணம் தலைதூக்கினால், எந்த நேரத்திலும் 14416 என்னும் அரசின் இலவசத் தொலைபேசி எண்ணை அழைக்க வேண்டும்.